தலைப்பை மறைத்துப் படியுங்கள்

ஒரே கதையை மூன்று பேர் 'நான்', 'நான்' என்று மாறி மாறிச் சொல்கிற மாதிரி ஒரு குறுநாவல் எழுதிப் பார்த்தேன். அத்தியாயத் தலைப்பில் பேசுபவர் பெயர் இருக்கும். மனைவி அந்தப் பெயர்களைக் கையால் மறைத்துக்கொண்டு படித்துவிட்டு, "மூணு பேரும் உங்களை மாதிரியே பேசுறாங்க" என்றாள். விமர்சனம் முடிந்தது.

அதற்கப்புறம் குறுந்தொகையை எடுத்தேன். கடவுள் வாழ்த்தை விட்டால் 401 பாட்டு. எதிலும் புலவர் நேராகப் பேசுவதில்லை. தலைவி, தோழி, தலைவன், செவிலி என்று யாரோ ஒருவர்தான் பேசுகிறார். யார் கூற்று என்ற குறிப்பு பிற்காலத்தில் சேர்த்தது என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. அதை மறைத்துவிட்டு ஊகித்தேன். தலைவியா தோழியா என்பதில் பலமுறை தோற்றேன். செவிலியின் தவிப்பும் பரத்தையின் எகத்தாளமும் மட்டும் உடனே காட்டிக்கொடுத்துவிட்டன.

இதற்குத் தொல்காப்பியம் செய்யுளியலில் ஒரு பெயரே இருக்கிறது: முன்னம். இந்த இடத்தில் இந்தப் பேச்சு இன்னார் இன்னாரிடம் பேசுவது என்று பேச்சிலிருந்தே தெரிய வேண்டும். விளாங்குடியில் பஸ் ஏறினால், பின்சீட்டில் பேசுவது மாமியாரா மருமகளா என்று திரும்பிப் பார்க்காமலே தெரிகிறதே, அதுதான்.

சுந்தர ராமசாமியின் 'ஜே.ஜே: சில குறிப்புகள்' (1981) இந்தச் சோதனையில் என் கணக்கில் பாதிதான் தேறும். முதலில் 'நான்' என்பது பாலு, பிற்பகுதியில் ஜே.ஜே.யின் நாட்குறிப்பு. இருவரும் ஒரே கூர்மையில், ஒரே மாதிரி வாக்கியத்தில் யோசிக்கிறார்கள். பாலு ஜே.ஜே.யின் பக்தன், அதனால் குரல் ஒட்டிக்கொண்டது என்று சமாதானம் சொல்லலாம். எனக்குக் கேட்பது என்னவோ சு.ரா.வின் குரல்தான்.

ஓரான் பாமுக்கின் 'என் பெயர் சிவப்பு' (தமிழில் ஜி. குப்புசாமி) இந்தச் சிக்கலையே கதையாக்கிவிடுகிறது. நாய், நாணயம், பிணம் எல்லாம் 'நான்' என்று பேசுகின்றன. கொலைகாரன் மூன்று நுண்ணோவியர்களில் ஒருவன். ஓவியனாகத் தன் பட்டப்பெயரிலும் பேசுகிறான், பெயர் சொல்லாமல் கொலைகாரனாகவும் பேசுகிறான். பாணியை வைத்து ஆளைப் பிடிக்க முடியுமா என்பதுதான் துப்பறிதலே.

என் தப்பு இப்போது புரிகிறது. ஆளுக்கொரு வட்டார வழக்கைக் கொடுத்தால் போதும் என்று நினைத்திருந்தேன். என் மூன்று பேரும் யாரிடம் பேசுகிறார்கள் என்று நான் யோசிக்கவே இல்லை. செய்யுளியல் 'கேட்போர்' என்பதையும் தனி உறுப்பாக வைத்திருக்கிறது. எதிரில் இருப்பவர் மாறினால் எதைச் சொல்வது, எதை மறைப்பது என்பதும் மாறும். குரல் அங்கிருந்துதான் பிறக்கிறது.

திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்தமுறை தலைப்பே போடாமல் மனைவியிடம் கொடுக்கப்போகிறேன்.