போர்க்கால நாவல்களும் வட சிலாங்கூர்த் தோட்டங்களும்

சப்பானியர் ஆட்சியைப் பாடுபொருளாகக் கொண்ட மலேசியத் தமிழ் நாவல்களுள் ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' (1993), அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்' (2005) ஆகியவை குறிப்பிடத்தக்கன. 415 கிலோமீட்டர் இரயில் பாதையில் மாண்ட தோட்டத் தொழிலாளருக்கு இவை முகம் தந்தன. எனினும் இவற்றின் விசை சயாமிலேயே குவிகிறது. லயத்தில் எஞ்சியோரின் போரை ரெங்கசாமியின் 'புதியதோர் உலகம்' காட்டியது. அத்தடத்தில் வட சிலாங்கூர் இன்னும் விரிவாக எழுதப்பட வேண்டும்.

1942 சனவரித் தொடக்கத்தில் கோல சிலாங்கூர், பத்தாங் பெர்சுந்தை வட்டாரங்களைப் போர் எட்டியது. பின்வாங்கிய பிரிட்டிஷ் படையில் இந்தியச் சிப்பாய்களும் இருந்தனர். எட்டு மாதங்களுக்கு முன், கிள்ளான் தோட்ட வேலைநிறுத்தத்தை அடக்கவும் அரசு படையையே அழைத்திருந்தது. தோற்றோடும் சிப்பாயைப் பால்மரத் தொழிலாளி எவ்வாறு நோக்கியிருப்பான்? நாவலாசிரியருக்குரிய வினா இது.

பின்னர் இரப்பர் ஏற்றுமதி முடங்கியது. அரிசி அருகி, மரவள்ளிக்கிழங்கே உணவாயிற்று. வாழைமரம் அச்சிட்ட நோட்டு மதிப்பிழந்தது. சயாமுக்கு ஆள் சேர்த்தோர் பொய்யையும் மிரட்டலையும் கையாண்டனர். ஆனால் அவர்கள் வருமுன்பே பசி பாதி வேலையை முடித்திருந்தது. இக்காரணத் தொடர்பை உணர்த்தும் படைப்பே, 'ஏமாந்தவர்' என்னும் பழியிலிருந்து அம்மக்களை மீட்கும்.

பத்தாங் பெர்சுந்தை 2007இல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறியது. இரப்பர்க் காடுகள் பல செம்பனையாயின. முதியோரின் நினைவுகளை மாணவரைக் கொண்டு பதிவு செய்வது தமிழாசிரியர்தம் உடனடிக் கடனாகும்.