ஆட்டமும் அரங்கும்

மும்பையில் நம் மன்ற விழாக்களில் சிறுவர் நாடகம் அரங்கேறும் முறையை அன்பர்கள் அறிவர். பெரியவர் ஒருவர் வசனம் எழுதுவார். தமிழ் எழுத்தறியாப் பிள்ளைகளுக்கு அது தேவநாகரியில் பெயர்த்துத் தரப்படும். அவர்கள் மனப்பாடம் செய்து ஒப்பித்துவிட்டு இறங்குவர். அவ்வசனத்தின் ஒரு சொல்லையேனும் மறுநாள் வீட்டில் தாமாகப் பேசுவதில்லை. இதற்கு மாற்றாக நாடகப் பட்டறைகள் கொண்டுவரும் விளையாட்டுப் பயிற்சிகளை யாம் வரவேற்கின்றோம். ஆயினும், களைப்பு நீங்கவும் கூச்சம் போகவும் அரைமணி ஆடிவிட்டுப் பின்னர் பழைய ஒத்திகைக்கே திரும்புவதாயின் அவற்றால் பயன் சிறிதே.

இம்முறை வளர்ந்ததே குடிபெயர்ந்தோரிடையேதான். சிகாகோ நகரில் 1889-இல் ஜேன் ஆடம்ஸ் முதலியோர் நிறுவிய ஹல் ஹவுஸ், பிறநாடுகளிலிருந்து வந்து குடியேறிய ஏழை மக்களுக்குத் துணைநின்ற இல்லம். அங்கு நீவா பாய்ட் அம்மையாரிடம் பயின்றவர் வயோலா ஸ்போலின். அவரும் குடியேறிய யூதக் குடும்பத்துப் பெண்ணே. 1963-இல் இருநூற்றுக்கு மேற்பட்ட பயிற்சிகளை அவர் நூலாக்கினார். அவற்றுள் கண்ணாடி ஆட்டம் ஒன்று. இருவர் எதிரெதிரே நிற்பர், ஒருவர் அசைவை மற்றவர் அப்படியே காட்டுவார், பின் மாற்றிக்கொள்வர், முடிவில் முன்செல்பவர் எவர், பின்தொடர்பவர் எவர் என்றே தெரியாது. நடத்துபவர் ஆட்டத்தை நிறுத்தார். பக்கத்தில் நின்று ஓரிரு சொற்களால் கவனத்தை மீட்டுத் தருவார். பாராட்டுக்கும் கண்டனத்துக்கும் ஏங்கி நிற்பவன் தானாக எதையும் செய்யான் என்பது ஸ்போலினின் அடிப்படைக் கொள்கை. "தமிழைக் கொல்கிறாயே" என்று சிரிக்கும் நம் உறவினர் இதனைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம்.

தமிழகத்தில் 1977-இல் காந்திகிராமத்தில் நடைபெற்ற பட்டறையும், அதில் சே. இராமானுஜம் ஆற்றிய பணியும் குறிப்பிடத்தக்கவை. 1980-இல் சென்னையை அடுத்த சோழமண்டலத்தில் வங்க நாடகாசிரியர் பாதல் சர்க்கார் பட்டறை நடத்தினார். மேடையும் திரையும் ஒப்பனையும் வேண்டா, உடலும் மனிதர் நெருக்கமும் போதும் என்ற அவரது மூன்றாம் அரங்கு நம் இளைஞரைப் பெரிதும் ஈர்த்தது. அதன்பின் எழுந்த வீதி நாடகங்களில் உடல் விடுதலை பெற்றது; பேச்சோ பலவற்றில் முழக்கமாகச் சுருங்கிற்று. இது எம் கணிப்பு, மாறுபடுவோர் உளர். பயிற்சி உடலோடு நின்றமையே காரணம் எனக் கருதுகின்றோம். தமிழ்நாட்டில் பேச்சு வீட்டிலும் தெருவிலும் தானே வாய்க்கும். இங்கோ பிள்ளையின் தெரு மொழி இந்தி, பள்ளி மொழி ஆங்கிலமோ மராத்தியோ. ஆகவே நமக்கு வேண்டுவது நாவைத் தொடும் ஆட்டம்.

அதற்குச் சிகாகோ வரை செல்வானேன்? சடுகுடுவில் பாடிச் செல்பவன் ஒரே மூச்சில் சொல் அறாது ஒலிக்க வேண்டும். கண் எதிரியின்மேல், கால் கோட்டின்மேல். மூச்சும் குரலும் உடலும் ஒருங்கே இயங்கும் இத்தகைய நடிப்புப் பயிற்சி வேறெங்கும் எளிதில் கிட்டாது. அண்டை வீட்டு மராத்தியப் பிள்ளைக்கும் அது ஹுதுது என்ற பெயரில் தெரிந்ததே. ஒலிக்கும் சொல்லை மட்டும் மாற்றுக: தன் ஊர்ப்பெயர், பாட்டி பெயர், அன்று வீட்டில் உண்ட பண்டம், பின்னர் ஒரு முழு வாக்கியம். மூச்சைக் காப்பதில் கருத்தூன்றிய பிள்ளைக்குப் பிழைபடுமே என்ற அச்சம் எழ நேரமில்லை.

சுனாபட்டியின் சால் அறைகளில் ஓடியாட இடமில்லை என்பர். கண்ணாடி ஆட்டத்துக்கு இரண்டு பாய் அளவு போதும். சடுகுடுவை மாடியிலோ மில் சுவரோரமோ வைத்துக்கொள்ளலாம். ஒரு குழுவில் பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் வேண்டா. கோடை விடுமுறையில் பாதிப் பேர் ஊருக்கு இரயிலேறிவிடுவர். பிள்ளையார் சதுர்த்தி கழிந்து பொங்கல் விழா வரையுள்ள ஞாயிற்றுக்கிழமைகளே தக்கவை. பிள்ளைகள் ஆடிப் பேசும் பேச்சை, அதன் நெல்லை வழக்கோடும் பம்பாய்க் கலப்போடும், வசனம் எழுதும் பெரியவர் ஓர் ஓரமாக அமர்ந்து ஏட்டில் குறித்துக்கொள்ளட்டும்.