கீயோஸ் பிசினுக்கு நான் அடிமை

நாட்டு மருந்துக் கடையில் ரூமி மஸ்தகி என்று பொட்டலம் கட்டித் தருவார்களே, அந்தப் பிசின் பிறக்கிற ஊரைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். வந்ததிலிருந்து இதே பேச்சுதான். வீட்டில் எல்லோரும் காதைப் பொத்திக்கொள்கிறார்கள். சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை, நீங்களாவது கேளுங்கள்.

கிரேக்கத்தின் கிழக்கு ஓரத்தில், துருக்கிக் கரை கண்ணுக்குத் தெரிகிற தொலைவில் இருக்கிறது கீயோஸ் தீவு. மஸ்தகி மரத்தின் இனம் மத்தியதரைக்கடல் ஓரமெங்கும் வளர்கிறது. ஆனாலும் பேர்பெற்ற பிசின் இந்தத் தீவின் தென்பகுதியிலிருந்துதான் வருகிறது. அங்குள்ள 24 ஊர்களுக்கு மஸ்தகி ஊர்கள் என்றே பெயர். மரத்தைப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். முறுக்கிக்கொண்ட தண்டும் குடைபோல் விரிந்த தலையுமாக, ஆள் உயரத்தைக் கொஞ்சம் தாண்டி நிற்கும், அவ்வளவுதான்.

அந்தச் சின்ன மரத்துக்கு நடக்கிற உபசாரம் இருக்கிறதே! கோடை பிறந்ததும் மரத்தடியைப் பெருக்கிச் சமன்செய்து, வெள்ளைச் சுண்ணாம்புத் தூளைச் சலித்துத் தூவுகிறார்கள். மார்கழி வாசலைக் கோலத்துக்குத் தயார் செய்வதைப் போன்ற சிரத்தை. ஜூலையில் கூர்முனைக் கருவியால் பட்டையில் மெல்லிய கீறல் போடுகிறார்கள். ஆழம் கூடினால் மரம் வாடும், குறைந்தால் பிசின் வராது. கீறலிலிருந்து வழிந்து, வெள்ளைத் தூள்மேல் சொட்டி, துளி இறுகவே இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். ஆகஸ்ட் பாதிக்குமேல்தான் பொறுக்குவது. இத்தனைக்கும் நல்ல மரம்கூட ஆண்டுக்குச் சில நூறு கிராம்தான் தரும்.

நான் போனது இலையுதிர்காலத்தில். வயல் வேலை முடிந்து, சுத்தம் செய்கிற வேலை வீடுகளுக்குள் நடந்துகொண்டிருந்தது. பீர்கி ஊரில் ஒரு வீட்டுத் திண்ணையில் பாட்டிமார் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். மடியில் தட்டு, கையில் சின்னக் கத்தி. ஒவ்வொரு துளியாக எடுத்து, ஒட்டியிருக்கிற மண்ணையும் பட்டைத் துணுக்கையும் கத்திமுனையால் சுரண்டுகிறார்கள். இதற்கு இயந்திரமா? பேச்சே எடுக்காதீர்கள். துளிக்குத் துளி வடிவம் வேறு, அழுக்கு ஒட்டுகிற இடம் வேறு. ஒரு பாட்டி பளிங்காக ஒரு துளியை என் உள்ளங்கையில் வைத்து, “அவசரப்படாதே மகளே, முதலில் கசக்கும், பொறு” என்றார். கடித்ததும் மொறுக்கென்று பொடிந்தது, கசந்தது. மெல்ல மெல்லப் பொடியெல்லாம் ஒன்றுகூடி, வெள்ளைவெளேரென்று சவ்வாகி, பைன் காட்டு வாசம் மூக்கு வரை ஏறியது. பாட்டிமார் என் முகத்தைப் பார்த்துச் சிரிசிரி என்று சிரித்தார்கள். கடைகளில் வண்ணத்தாளில் சுற்றி விற்கிற சூயிங்கம் எல்லாம் இனி எனக்கு வெறும் ரப்பர்!

இந்தப் பிசினுக்காகக் கோட்டையே கட்டியிருக்கிறார்கள் என்றால் நம்புவீர்களா? 1346 முதல் 1566 வரை தீவு ஜெனோவா வணிகர்கள் கையில் இருந்தது. அந்தக் காலத்து ஊரான மெஸ்தாவில் ஓரத்து வீடுகளின் வெளிச்சுவர்களே ஊரின் மதில். உள்ளே போனால் வளைந்து வளைந்து ஓடும் கற்சந்துகள். வழி தவறினால்தான் மெஸ்தா ரசிக்கும்! அங்கே அத்திப்பழத்தில் வடிக்கிற ‘சூமா’ என்ற சாராயமும் உண்டு. காரம், ஒரு மிடறு போதும்.

பீர்கியின் சுவர்களுக்கு வருகிறேன். ஊரே கறுப்பு வெள்ளை. முக்கோணம், வட்டம், சாய்சதுரம் என்று தரையிலிருந்து கூரை வரை வரிசை வரிசையாகக் கோலம். ‘க்ஸிஸ்தா’ என்பார்கள். கருமணல் கலந்த காரை பூசி, அதன்மேல் வெள்ளையடித்து, ஈரம் காய்வதற்குள் கோடு கீறி, வேண்டிய இடத்தில் வெள்ளையை முள்கரண்டியால் சுரண்டிவிடுகிறார்கள். அடியில் இருக்கிற சாம்பல்நிறம் மேலே வந்துவிடும். ஆமாம், சாப்பாட்டு மேசையில் கிடக்கிற அதே முள்கரண்டிதான்! அந்தச் சுவர்களின்மேல், மாடித் தாழ்வாரங்களில், குட்டித் தக்காளிகளைச் சரம் சரமாகக் கோத்துக் குளிர்காலத்துக்குத் தொங்கவிட்டிருக்கிறார்கள். கறுப்பு வெள்ளையில் அந்தச் சிவப்பு! அரை நாள் அண்ணாந்து பார்த்தே என் கழுத்து பிடித்துக்கொண்டது.

ஆர்மோலியாவில் மண்பாண்டம், காம்போஸின் உயர்ந்த மதில்களுக்குள் மாண்டரின் ஆரஞ்சுத் தோட்டங்கள் என்று இன்னும் இருக்கின்றன. 2016இல் திறந்த மஸ்தகி அருங்காட்சியகமும் நன்றாகவே இருக்கிறது. நேரம் குறைவென்றால் அதை விட்டுவிட்டுத் திண்ணைக்குப் போங்கள் என்பது என் கட்சி.

விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கம் 1938இல் தொடங்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாக்கப்பட்ட பிறப்பிடப் பெயர் 1997இல் கிடைத்தது. 2014இல் யுனெஸ்கோ இந்தச் சாகுபடி அறிவையே மரபுச் சொத்துப் பட்டியலில் சேர்த்தது. கொடுக்கட்டும், இன்னும் எத்தனை விருது இருந்தாலும் அந்தப் பாட்டிமாருக்குத் தகும்.

வாங்கினால் குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள், சூட்டில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இடிக்கும்போது ஒரு சிட்டிகை சர்க்கரை சேர்த்தால் உரலில் அப்பிக்கொள்ளாது. பால் பாயசத்தை இறக்குகிற நேரத்தில் இரண்டு துளி அளவுப் பொடியைத் தூவினேன். ஏலக்காய் இல்லையா என்று யாருமே கேட்கவில்லை. இரண்டாவது கிண்ணம் கேட்டார்கள்.