யார் கொடுப்பது?

மறைநூலின் ஒரு வசனத்திற்குப் பொருள் காணுமுன் அதன் எழுவாய் யாது, பயனிலை யாது, அதில் பேசப்படாதவர் யார் எனக் கேட்கக் குருமடத்தில் நமக்குப் பயிற்சி தந்தனர். சட்டநூல்களை அவ்விதம் வாசிப்போர் குறைவு. மகப்பேறு விடுப்பைப் பற்றிய நம் நாட்டுச் சட்டத்தை அக்கண்கொண்டு வாசிக்கலாம் என்று தோன்றியது. வாசக அன்பர்களின் இல்லங்களில் ஆசிரியையும் செவிலியும் அலுவலகப் பணிப்பெண்ணும் இருக்கின்றனர். ஆகவே இது அயலாரின் செய்தி அன்று.

1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் 2017இல் பெரிதும் திருத்தப்பெற்றது. பின்னர் 2020இன் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பினுள் ஓர் இயலாக அடங்கி, 2025 நவம்பர் 21 முதல் அவ்வடிவில் நடைமுறைக்கு வந்துள்ளது. பன்னிரண்டு வாரமாக இருந்த ஊதிய விடுப்பு 26 வாரமாயிற்று. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2000இல் இயற்றிய 183ஆம் உடன்படிக்கை கேட்பதோ 14 வாரமே. எண்ணிக்கையில் நாம் முந்திவிட்டோம், பாராட்டத்தான் வேண்டும்.

எனினும் இத்தனை மாற்றங்களுக்கிடையே மாறாத ஒரு வாக்கியம் உண்டு. விடுப்புக் காலத்திற்குரிய பணத்தைப் பெறப் பெண்ணுக்கு உரிமை உண்டு, அதனைக் கொடுக்கும் பொறுப்பு அவளுடைய முதலாளியைச் சாரும் என்பது அதன் சாரம். வாக்கியத்தில் இருவரே இருக்கின்றனர். பிறக்கும் குழந்தையால் நாளை பயன் பெறப்போகும் சமுதாயம் அங்கே இல்லை, அரசும் இல்லை. பிழையின் வேர் இங்கேதான் என்பது நம் கருத்து. ஒரு பெண்ணை வேலைக்கு எடுக்கும் சிறு முதலாளி ஆறு மாத ஊதியத்தையும், அவளிடத்தில் அமர்த்தும் மாற்றாளின் ஊதியத்தையும் தனித்தே சுமக்க வேண்டும். அவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. கணக்குப் பார்ப்பவராக இருந்தாலே போதும். நேர்காணலில் திருமணம் எப்போது என்ற கேள்வி எழுந்துவிடும்.

இதனை முன்னரே கண்டவர் அண்ணல் அம்பேத்கர். 1928 ஜூலையில் பம்பாய்ச் சட்டமன்றத்தில் மகப்பேறு நல மசோதாவை ஆதரித்துப் பேசியபோது, தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன் என்றும், ஆகவே இச்சுமையின் பெரும்பகுதியை அரசே ஏற்பது முறை என்றும் அவர் ஒப்புக்கொண்டார். அரசு ஏற்காத அன்றைய நிலையில், பெண்ணின் உழைப்பால் ஆதாயம் பெறும் முதலாளியைப் பொறுப்பாக்குவதில் தவறில்லை என்பது அவர் வாதம். அடுத்த ஆண்டே மசோதா சட்டமாயிற்று. அன்றைய நிலைக்கென ஏற்றது இன்றளவும் நிலைத்துவிட்டது. மேற்சொன்ன 183ஆம் உடன்படிக்கையும் தனி முதலாளியின் தலையில் செலவைச் சுமத்தலாகாது. காப்பீட்டாலோ பொதுநிதியாலோ கொடுக்க வேண்டும் என்றே விதிக்கிறது. வாரக் கணக்கில் முந்திய நாம் இந்த இடத்தில் பிந்தி நிற்கிறோம். அவ்வுடன்படிக்கையை இந்தியா ஏற்கவும் இல்லை.

வேறு வழி நமக்குத் தெரியாததன்று. தொழிலாளர் அரசுக் காப்பீடு, அதாவது நாம் இ.எஸ்.ஐ. என்று வழங்குவது, அவ்வழியே செல்கிறது. 2019 ஜூலை முதல் முதலாளி நூற்றுக்கு 3.25, தொழிலாளி 0.75 எனச் செலுத்திவர, மகப்பேற்றுப் பணம் அப்பொது நிதியிலிருந்து வருகிறது. ஆண்களை மட்டும் அமர்த்தியவரும் செலுத்துகிறார். ஆகவே பெண்ணை விலக்குவதால் அவருக்கு மிச்சம் ஒன்றுமில்லை. ஊதிய வரம்பைத் தாண்டியவளுக்கு இந்த ஏற்பாடு கிட்டாமல் போவதுதான் விந்தை. வயலிலும் கட்டட வேலையிலும் உழைப்பவளுக்கோ சுட்டிக்காட்ட நிலையான முதலாளியே இல்லை. சட்ட வாக்கியம் அவளை எட்டுவதில்லை. தமிழகத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தின் 18,000 ரூபாய் அவளுக்கு உதவுகிறது. அதனை ஆறு மாத ஊதியம் என யாரும் சொல்லார்.

தாய் வேலைக்குத் திரும்பும் நாளைப் பற்றிய பகுதி இன்னும் மெலிந்தது. 26 வாரத்தில் எட்டு வாரம்வரை பேற்றுக்கு முன் எடுக்கலாம். மருத்துவர் சொற்படி முன்னரே ஓய்வெடுத்தவளுக்குக் குழந்தையுடன் எஞ்சுவது 18 வாரமே. ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே தருக என்று அதே மருத்துவர்தான் சொல்கிறார். குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை நாளுக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளைகள் உண்டு. நல்லது. குழந்தை எங்கே இருக்கிறது? ஐம்பது பேர் பணிபுரியும் இடத்தில்தான் குழந்தைகள் காப்பகம் கட்டாயம். நாற்பது பேர் உள்ள இடத்தில் இடைவேளை உண்டு, குழந்தை பேருந்தில் ஒரு மணி நேரத் தொலைவில் பாட்டியிடம் உண்டு. இரண்டு குழந்தைகள் உள்ளவள் மூன்றாவதைப் பெற்றால் விடுப்பு 12 வாரமாகக் குறைகிறது. மூன்றாம் குழந்தையின் பசி குறைவானது என்று எந்த மருத்துவ நூலில் கண்டனரோ! தமிழக அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவருக்கு மறுக்கப்பட்ட விடுப்பை 2025 மே மாதம் வழங்கச் சொன்ன உச்சநீதிமன்றம், அது பெண்ணின் மகப்பேற்று உரிமைகளில் அடங்கும் என்று தீர்ப்பளித்தது ஆறுதலானது.

சட்டத்தைக் குறை கூறிவிட்டு நம் வாயிலைத் தாண்டிச் செல்ல இயலாது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981இல் தொழிலைப் பற்றி எழுதிய திருமடலின் 19ஆம் எண்ணில், தாய்மையை விலையாகக் கேட்காதபடி வேலையே ஒழுங்குசெய்யப்பட வேண்டும் என்னும் கருத்து உண்டு. மே முதல் நாள் மறையுரைக்கு அதனை எடுத்தாள்கிறோம். ஆனால் நாம் அறிந்த ஒரு பள்ளியில், நிர்வாகச் சம்பளம் பெறும் ஆசிரியை ஏழாம் மாதத்தில் பணிவிலகல் கடிதம் எழுதுகிறார். மறு ஜூனில் அதே வகுப்பிற்குப் புதியவராக, தொடக்கச் சம்பளத்தில் நியமனம் பெறுகிறார். பெயர் விடுப்பு அன்று, ஊதியமும் இல்லை, எட்டு ஆண்டுப் பணிமூப்பும் போயிற்று. கட்டணம் குறைவு, எங்கிருந்து கொடுப்பது என்று தாளாளர் கேட்பார். அக்கேள்வியைப் பொய்யென்று தள்ளுவதற்கில்லை. கேரள அரசு 2020இல் தனியார் பள்ளி ஆசிரியைகளுக்கும் இச்சட்டத்தை விரித்தபோது அங்கும் இதே கேள்வி எழக்கூடியதே.

தனித்தனியே கேட்டால் விடையில்லை; சேர்ந்து கேட்டால் உண்டு. மறைமாவட்டத்தின் ஒவ்வொரு பள்ளியும் மருத்துவமனையும், ஆண் பெண் வேறுபாடு பாராமல் மொத்தச் சம்பளத்தில் சிறு விழுக்காட்டை மாதந்தோறும் ஒரு பொது நிதியில் செலுத்தட்டும். விடுப்பில் இருப்பவரின் ஊதியம் அதிலிருந்து செல்லட்டும். கல்லறை பராமரிப்புக்கு நிதி வைத்திருக்கும் பங்குகள் நமக்குத் தெரியும். காப்பகத்திற்கென ஐம்பதாவது ஆளை எதிர்பார்க்கவும் வேண்டாம். மழலையர் வகுப்பு நடக்கும் வளாகத்தில் தொட்டில்களுக்கு ஓர் அறையும், அவற்றைப் பார்த்துக்கொள்ள ஊதியத்துடன் ஒரு பெண்ணும் இருந்தால், பதினொரு மணி இடைவேளையில் ஆசிரியை நடந்தே போய்ப் பாலூட்டி வந்துவிடுவார்.