வவுச்சர் இல்லாத வண்டி

ராயபுரத்தில் ஒரு ஷெட். உள்ளே செக்கச்செவேலென்று ஒரு பழைய ஆஸ்டின் ஏ-40. "எல்லாமே ஒரிஜினல் சார். அப்படியே கம்பெனி ஃபிட்டிங்!" என்றார் உரிமையாளர். "எப்படிச் சொல்றீங்க?" என்றேன். "பார்த்தாலே தெரியலையா?" என்றார்.

தெரியலை! நான் பி.காம். கார்புரேட்டரைக் காட்டி இது என்னன்னு கேட்டால் முழிப்பேன். ஆனால், வவுச்சர் இல்லாத கணக்கை எந்த ஆடிட்டரும் ஒப்புக்கொள்ள மாட்டார் என்பது மட்டும் தெரியும்.

இங்கிலாந்தில் இதற்கு வழி வைத்திருக்கிறார்கள். கெய்டன் என்ற ஊரில் இருக்கிற பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தில் ஆஸ்டின், மோரிஸ், எம்.ஜி. கம்பெனிகளின் பழைய தொழிற்சாலைப் பேரேடுகள் இருக்கின்றன. வண்டியின் நம்பரைக் கொடுத்துப் பணம் கட்டினால், ஏட்டில் பதிவு இருக்கிற வண்டிக்குச் சான்றிதழ் தருவார்கள். எந்தத் தேதியில் தயாரானது, என்ன இன்ஜின் நம்பர், என்ன கலர், எந்த ஊருக்குப் போனது... ஏட்டில் உள்ளது உள்ளபடி!

நம்ம ஊர் ஆஸ்டினுக்கு ஒரு சிக்கல் உண்டு. ரகுநந்தன் சரண் 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், அடுத்த வருஷமே எண்ணூரில் ஏ-40 கார்களைப் பூட்ட ஆரம்பித்தது. (அந்தக் கம்பெனிதான் 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது.) உதிரிபாகங்கள் கப்பலில் வந்தன, கார் ஆனது இங்கே. அதாவது, அந்த வண்டிக்குப் பிறந்த ஊர் இரண்டு. சீமை ஏடு, பெட்டி கப்பலேறியது வரைதான் பேசும். மீதிக் கதையை எண்ணூர்தான் சொல்ல வேண்டும்.

இப்போது அரசாங்கத்துக்கு வருவோம். 50 வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிகளை 'விண்டேஜ்' என்று பதிவு செய்ய 2021-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. நல்ல காரியம்தான். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், நம்பர் பிளேட்டில் 'வி.ஏ.' என்று தனி எழுத்து. முக்கிய நிபந்தனை, வண்டி அதன் அசல் வடிவத்தில் இருக்க வேண்டும். சேஸி, பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் கூடாது.

சரி, என்னென்ன பேப்பர் கேட்கிறார்கள்? இன்ஷூரன்ஸ், பழைய ஆர்.சி., இறக்குமதி வண்டி என்றால் சுங்கத்துறை ரசீது. அவ்வளவுதான்! தொழிற்சாலையிலிருந்து எப்படி வெளியே வந்தது என்று சொல்லும் காகிதம் ஒன்றுகூட இல்லை. 'அசல்' என்று சட்டம் போட்டுவிட்டு, அசலுக்கு அத்தாட்சி கேட்காமல் விட்டால் எப்படி?

இதில் அடிபடுவது யார் தெரியுமா? தாத்தா வாங்கிய வண்டியை, மங்கிப்போன பெயின்ட்டோடு, பழைய இன்ஜினோடு பொத்திப் பொத்திக் காப்பாற்றிய மனுஷன்தான். மூணு வண்டியைப் பிரித்து ஒண்ணாக்கிப் பளபளவென்று நிறுத்தியவனுக்குக் கைதட்டலும் காசும். காப்பாற்றியவருக்கு, "பெயின்ட் அடிக்கக் கூடாதா சார்?" என்ற இலவச ஆலோசனை!

எண்ணூர் ஆஸ்டினுக்கு மட்டுமல்ல, திருவொற்றியூரில் 1956-ல் தயாராக ஆரம்பித்த புல்லட்டுக்கும் இதே கேள்விதான். எந்தக் கம்பெனியின் அலமாரியில் பழைய பேரேடு இருந்தாலும் படம் பிடித்துப் பொதுவில் வைக்கலாம். தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் டெலிவரி சலானோ, ஓனர் கையேடோ கிடந்தால், தயவுசெய்து பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள்.

பம்பரை ராயபுரத்தில் எந்தப் பட்டறையிலும் செய்து வாங்கிவிடலாம். அந்தச் சலானைச் செய்தால் அதற்குப் பெயர் ஃபோர்ஜரி!