மயிற்பொறியும் மந்திர ஆலையும்

கற்பனை உலகங்களைக் களமாகக் கொண்ட கணினி விளையாட்டுக்களில் மந்திரமும் பொறியும் அருகருகே நின்று தொழிற்படுகின்றன. கோலேந்திய மந்திரவாதியும் பீரங்கியும் ஒரே பகைவன் மீது ஒரே வேளையில் ஏவப்படுகின்றனர். இவ்விரண்டும் எங்கே வேறுபடுகின்றன, எங்கே ஒன்றுபடுகின்றன என்னும் வினா விளையாட்டுப் பிள்ளைகளின் வினாவாகச் சிலருக்குத் தோன்றலாம். ஆயின் தமிழ்க் காப்பியம் பயின்றோருக்கு அது புதியதன்று. திருத்தக்கதேவர் இவ்வினாவை எதிர்கொண்டுள்ளார், இளங்கோவடிகளும் எதிர்கொண்டுள்ளார்.

1956 முதல் இலங்கையில் வாழ்ந்து 2008இல் கொழும்பில் மறைந்த ஆர்தர் சி. கிளார்க், போதிய அளவு முன்னேறிய தொழில்நுட்பத்தை மந்திரத்தினின்றும் பிரித்தறிய முடியாது என்பதை ஒரு விதியாகவே வகுத்தார். விளையாட்டு உலகங்களைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இவ்விதியோடு நின்றுவிடுகின்றனர். ஆனால் இவ்விதி பார்ப்பவனின் நிலையில் நின்று கூறப்படுவது. செய்பவனின் நிலையில் நின்று நோக்கினால் அது செல்லுபடியாகாது. தான் இணைத்த உறுப்பு எதுவென அறிந்தவனுக்குப் பொறி ஒருபோதும் மந்திரமாவதில்லை.

சீவக சிந்தாமணியின் நாமகள் இலம்பகத்தில் வரும் மயிற்பொறி இதற்குத் தக்க சான்று. விசயை கண்ட தீக்கனவினால் வருவதுணர்ந்த சச்சந்தன் வானூர்தி ஒன்றைச் செய்விக்கின்றான். புலவர் இதனைத் தெய்வச் செயலாகப் பாடியிருக்கலாம்; அக்காலத்து வாசகர் எவரும் குறைகூறியிருக்கமாட்டார். அவரோ துணி, நூல், பயின், அரக்கு, மெழுகு எனத் தச்சன் கொண்ட பொருள்களை எண்ணிச் சொல்கின்றார். ஏழு நாளில் வேலை முடிந்தது என நாட்கணக்கும் தருகின்றார். விசயை அதனை இயக்கப் பழகுகின்றாள்: பொறியை வலப்புறம் திரித்தால் மயில் மேகத்தைக் கிழித்தெழும், இடப்புறம் திரித்தால் இறங்கிக் காலூன்றும். காண்போர் மருளுகின்றனர், விசயை மருளவில்லை. இறுதியில், கட்டியங்காரனின் வெற்றி முரசு கேட்டு அவள் மயங்கியபோது மயில் சுடுகாட்டில் இறங்கிவிடுகின்றது. இயக்குபவள் சோர்ந்தால் இயந்திரமும் தாழும். பொறி என்பதன் எல்லையை இதனினும் நுட்பமாகக் கூறுதல் அரிது.

அதே காப்பியத்தில் மந்திரமும் உண்டு. சுதஞ்சணன் சீவகனுக்கு மூன்று மந்திரங்களை அளிக்கின்றான். ஒன்று இனிய குரலைத் தரும்; ஒன்று நஞ்சையும் நோயையும் நீக்கும்; ஒன்று வேண்டிய உருவைத் தரும். பாம்பு தீண்டிய பதுமையைக் காப்பதும், முதியோன் வடிவில் சுரமஞ்சரியின் மனை புகுவதும் இவற்றாலேயே. இங்குப் பொருட்பட்டியல் இல்லை, நாட்கணக்கும் இல்லை. ஆனால் ஒரு வரலாறு உண்டு. இறந்துகொண்டிருந்த நாயொன்றின் செவியில் சீவகன் ஓதிய மந்திரத்தால் அது சுதஞ்சணனாயிற்று. அந்நன்றியே மந்திரமாகத் திரும்பி வந்தது. பொறி உழைப்பினால் கைக்கு வருகிறது, மந்திரம் உறவினால் வருகிறது என்பதே தேவர் காட்டும் வேறுபாடு. தச்சன் யாருக்கும் மயில் செய்து கொடுக்கலாம். சுதஞ்சணன் யாருக்கும் மந்திரம் கொடுக்கமாட்டான்.

இனி விளையாட்டுக்களை நோக்கலாம். 1974இல் கரி கைகக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகியோர் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அன்ட் ட்ரகன்ஸ்’ இவ்வகைக்கு மூலம் எனலாம். அதில் மந்திரவாதி முன்கூட்டியே மந்திரத்தை மனனஞ் செய்கின்றான். ஒருமுறை ஓதியதும் அது நினைவினின்று அழிந்துவிடுகின்றது. ஜாக் வான்ஸ் என்னும் நாவலாசிரியரிடமிருந்து பெறப்பட்ட இம்முறை, உண்மையில் தோட்டா நிரப்பிய துப்பாக்கியின் முறையே. பின்வந்த கணினி விளையாட்டுக்கள் தோட்டாவை எரிபொருளாக்கின; அதற்கு ‘மானா’ எனப் பெயரிட்டன. மெலனேசிய மக்களின் புனித ஆற்றலைக் குறித்து 1891இல் கொட்ரிங்டன் எழுதிய நூலால் மானிடவியலுக்குள் பரவிய அச்சொல், இன்று திரையோரத்து நீலக்கோடாய்க் குறைந்தும் நிறைந்தும் காட்சியளிக்கின்றது. ஒரு மக்களின் வழிபாட்டுச் சொல்லுக்கு நேர்ந்த கதி இது.

2001இல் வெளிவந்த ‘ஆர்க்கேனம்’ ஒன்றே இவ்வினாவை நேர்படக் கேட்டது. அவ்வுலகில் பொறி இயற்கை விதியை நம்பி இயங்குகின்றது. மந்திரம் அவ்விதியை வளைக்கின்றது. ஆகவே ஒன்று வளர மற்றையது தளரும். பொறியியலில் ஆழ்ந்தவனை மந்திரத்தால் குணப்படுத்துவதும் கடினம். சிந்தனை சிறந்ததே. எனினும் இரண்டும் ஒரே அளவுகோலின் இரு முனைகளாகிவிடுகின்றன. அளக்கக் கூடியதாகிய மந்திரம் மந்திரமாக எஞ்சுவதில்லை.

ஆயினும் மடுல்கெல்லத் தோட்டத்து இளைஞன் ஒருவனின் கைத்தொலைபேசிக்கு ஆர்க்கேனம் வருவதிலும், பின்லாந்து நிறுவனமொன்று 2012இல் வெளியிட்ட ‘கிளாஷ் ஒஃப் கிளான்ஸ்’ வருவதே எளிது. அவ்வுலகில் மந்திரம் ஓர் ஆலையில் காய்ச்சப்படுகின்றது. ‘ஸ்பெல் ஃபக்டரி’ என்பதே அதன் பெயர். எலிக்ஸர் என்னும் செந்நீரை இறைப்பிகள் நிலத்தடியிலிருந்து தாமே இறைக்கின்றன. ஆய்வுகூடத்தில் அந்நீரைச் செலவிட்டு மந்திரத்தின் தரம் உயர்த்தப்படுகின்றது. மந்திரம் முற்றாகப் பொறியாகிவிட்டது எனத் தோன்றும். உண்மை அதன் மறுதலை. அவ்விறைப்பியை இயக்குபவர் எவருமில்லை. இரவில் உறங்கி எழுந்தால் நீர் நிறைந்திருக்கும். உழைப்பின்றி விளைவு வருவதே மந்திரத்தின் கனவு என அல்பிரட் ஜெல் என்ற மானிடவியலாளர் சுட்டியதை இங்கு நினைக்கலாம். இவ்வகையில் அவ்விளையாட்டின் மந்திரவாதியைவிட இறைப்பியே பெரிய மந்திரம். ஓரிடத்தில் மட்டும் அது காத்திருப்பைக் கோருகின்றது. அக்காத்திருப்பையும் காசு கொடுத்துக் குறைத்துக்கொள்ளலாம். தச்சனின் ஏழு நாளைச் சச்சந்தனின் பொன் ஒருநாளாக்கியதாகத் தேவர் பாடவில்லை.

அவ்விளைஞனின் வீட்டுக்கு அப்பால் வேறோர் ஆலை நிற்கின்றது. தோட்டமக்கள் அதனை ‘ஸ்டோர்’ என்பர். அங்கே ஒரு கிலோ தேயிலைக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். அக்கொழுந்தைப் பெண்கள் மலைச்சரிவில் நின்று ஒவ்வொன்றாகக் கிள்ளியிருக்க வேண்டும். பின்னர் வாட்டல், உருட்டல், நொதித்தல், உலர்த்தல், சலித்தல். நொதித்தது போதுமா என்பதை டீமேக்கர் நிறத்தாலும் மணத்தாலும் அறிகின்றார். கொழும்பிலோ இலண்டனிலோ கோப்பையைக் கையிலேந்துபவருக்கு இவற்றுள் எதுவும் தெரிவதில்லை. அவருக்குத் தேநீர், எலிக்ஸர் போலத் தானே ஊறி வருவது. விளையாட்டின் ஆலை எவருடைய கண்ணால் உலகைக் காண்கிறது என்பது இங்கே புலனாகும். துயரம் யாதெனில், கொழுந்து பறிப்பவளின் மகனும் அவ்விளையாட்டுக்குள் அக்கண்ணையே இரவல் பெறுகின்றான்.

சிலப்பதிகாரத்தில் மாதரி கண்ணகியை அழைத்துச் செல்லும் வழியில் மதுரையின் மதிற்பொறிகள் வரிசையாகக் கூறப்படுகின்றன: தானே வளைந்தெய்யும் வில், கல் எறியும் கவண், காய்ச்சிய நெய் சொரியும் மிடா. அவையனைத்தும் வெளிப்பகையை நோக்கியவை. உள்ளே நடந்து செல்லும் ஒருத்தியின் சினத்துக்கு அந்நகரிடம் பொறியில்லை. ஆர்க்கேனத்தின் அளவுகோலில் அச்சினத்துக்கு எண் இடுவது எவ்வாறு?

மந்திரமும் பொறியும் மெய்யாகவே சந்திக்குமிடம் ஒன்றுண்டெனில் அது ஆயுதபூசை நாளின் ஸ்டோரே. ரோலரை நிறுத்தித் துடைத்து, சந்தனமும் குங்குமமும் இட்டுத் தேங்காய் உடைக்கின்றனர். பூசை செய்தோம் என்பதற்காக எவரும் எண்ணெய் இடாது விடுவதில்லை. பொட்டிடும் கையும் மறுநாள் திருகாணியை முறுக்கும் கையும் ஒன்றே.