உயர்தர ஹெட்ஃபோன்களில் பேஸை ஒப்பிட்டு ரசிப்பது எப்படி?

ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, அதாவது நொடிக்கு அத்தனை அதிர்வுகள் வரை, மனிதச் செவி கேட்கும் என்பர். அவற்றுள் 250 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள தாழ்ந்த ஒலிகளே பொதுவாக 'பேஸ்' எனப்படுகின்றன. விலையுயர்ந்த ஹெட்ஃபோன்களை ஒப்பிடுவோர் பலர் பேஸ் எவ்வளவு அதிகம் என்பதையே முதலில் கவனிக்கின்றனர். ஆனால் 100 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியை மட்டும் தூக்கிக் கொடுக்கும் கருவி, முதற்கேட்பில் கவர்ந்தாலும், சற்று நேரத்தில் ஆண்குரலின் மீதும் செல்லோவின் மீதும் கவிந்து அவற்றை மங்கச் செய்துவிடும். ஆழமும் தெளிவுமே உண்மையான உரைகற்கள்.

ஆழத்தை அறிவதில் செவியே ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. நான்கு தந்தி பேஸ் கிதாரின் மிகத் தாழ்ந்த ஸ்வரம் 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. அந்த அடிப்படை அதிர்வு அறவே இல்லாவிட்டாலும், அதனோடு எழும் 82, 123 ஹெர்ட்ஸ் மேலிசைகளைக் கொண்டு மூளை அதே ஸ்வரத்தைத் தானே ஊகித்துக்கொள்கிறது. ஆகவே ஸ்வரம் கேட்கிறதா என்பதை விட்டுவிட்டு, அதன் அடியில் காதை மெல்ல அழுத்தும் கனம் இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும்.

இங்கேதான் கருவிகளின் அமைப்பு வேறுபாடு புலப்படுகிறது. ஜெர்மனியின் சென்ஹைசர் எச்டி 800 எஸ், கம்பிச்சுருளால் இயக்கப்படும் மென்தகடு கொண்ட 'டைனமிக்' வகையைச் சேர்ந்தது. பின்புறம் திறந்திருப்பதால் இசை விரிந்து ஒலிக்கும், ஆனால் மிகத் தாழ்ந்த பகுதி படிப்படியாகத் தேய்ந்துவிடும். அமெரிக்காவின் ஆடெஸி எல்சிடி-எக்ஸ், மின்தடம் பதித்த அகன்ற மெல்லேட்டைக் காந்த வரிசையால் அசைக்கும் 'பிளேனார்' வகை என்பதால், 20 ஹெர்ட்ஸை நெருங்கும் வரை பெரிதும் சமனாக இறங்குகிறது. ஜப்பானின் ஸ்டாக்ஸ் கருவிகள் நிலைமின்விசையால் இயங்குபவை. அவற்றின் பேஸ் இடிக்காது, ஆனால் ஒவ்வொரு ஸ்வரமும் தனித்து நிற்கும்.

தெளிவுக்கு மிருதங்கத்தைவிட நல்ல சோதனை அரிது. அதன் தாழ்ந்த ஒலிப் பக்கமான தொப்பியில் தட்டியவுடன் கையால் அழுத்தித் தேய்க்கையில் எழும் கும்கியில் சுருதி வளைந்து நகர்கிறது. சிறந்த கருவியில் அந்த வளைவின் தொடக்கமும் பாதையும் முடிவும் பிரிந்து கேட்கும், மந்தமான கருவியிலோ எல்லாம் ஒரே 'தொம்' ஆகிவிடும். அடியைவிட அடி அடங்கும் விதத்தைக் கேட்பதே ரசனையின் சாரம்.

ஒப்பீட்டில் ஒலியளவைச் சமப்படுத்துவது இன்றியமையாதது. ஏனெனில் 1933இல் ஆய்வாளர்கள் ஃபிளெட்சரும் மன்சனும் காட்டியபடி, ஒலி குறையக் குறையத் தாழ்ந்த அதிர்வுகளைச் செவி பிறவற்றைவிட விரைவாக இழக்கிறது, எனவே சற்று உரத்து ஒலிக்கும் கருவியே பேஸ் மிக்கதாகத் தோன்றும். மேலும், மூக்குக்கண்ணாடியின் கம்பி காதுமெத்தையைத் தூக்கினால் அந்த இடைவெளி வழியே ஆழ்ந்த பேஸ் கசிந்துவிடும்; மூடிய வகைகளில் இந்த இழப்பு மிகுதி. கண்ணாடி அணிவோர் அதை அணிந்தபடியே, நன்கு பழகிய ஒரே பாடலை ஒரே ஒலியளவில் மாற்றி மாற்றிக் கேட்டுப் பார்த்த பின்னரே வாங்க வேண்டும்.